அத்தையோடு வட கடலில்

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே நின்று என் மாமியார் கம்பளி ஓவர்கோட் போட்டுப் பார்த்தார்.

கோட்டுக்குச் சொந்தக்காரர் வைதேகியின் அத்திம்பேர். வைதேகி கைலாசபுரம் டவுன்ஷிப்பில் எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ். அவளுடைய அக்கா வீடு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில். அத்திம்பேர் வேலை விஷயமாக மாஸ்கோவில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு வந்தவர். எங்களுக்குத் தெரிந்து திருச்சியில் நிஜமான குளிரைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"பயப்படாதீங்கோ மாமி. காதை மூடிண்டா பாதிக் குளிர் போயிடும்," என்றார்.

"இதைப் போட்டுக்கிட்டு இங்கயே கொஞ்ச நேரம் நின்னா மீதிப் பாதியும் போயிடுங்க," என்றார் அத்தை. முகத்தில் சிரிப்பில்லை. நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. கோட்டிலிருந்து பாச்சை உருண்டை வாசம் கூடம் முழுக்கப் பரவியது. தோள் சரியாக இருந்தது. கைதான் விரல் நுனிவரை மூடியது. "இருக்கட்டும், கையுறை வாங்க வேணாம்," என்று சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் கோட்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். காவிரியில் தண்ணீர் இல்லை. பாலத்திலிருந்து பார்த்தால் மணலும் நடுவில் ஒரு சின்ன ஓடையும்தான். பக்கத்துச் சீட்டுப் பெண்மணி கோட்டைத் தொட்டுப் பார்த்து, "இந்த வெயில்ல யாருக்குங்க இது?" என்று கேட்டார். "எனக்குத்தான். மகனைப் பாக்கப் போறேன்," என்றார் அத்தை. எங்கே என்று அந்தம்மா கேட்கவில்லை. ஊட்டி என்று நினைத்திருப்பார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. என் கணவர் அமலதாஸ் கைலாசபுரத்துப் பாய்லர் தொழிற்சாலையில் என்ஜினியர். ஒரு வருஷப் பயிற்சிக்கு அவரை நார்வேயில் பெர்கன் என்ற ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். நான் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். குழந்தை அப்போது இல்லை. கோடை விடுமுறையில் நானும் அம்மாவும் வரவேண்டும், மூன்று பேருமாக ஒரு கப்பலில் நார்வேயின் வடக்கு முனைவரை போய்வர வேண்டும் என்பது அவருடைய திட்டம். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து புகுந்து போகும், ஜூன் மாதத்திலும் பனி இருக்கும், சூரியன் மறையவே மறையாது என்றெல்லாம் எழுதியிருந்தார்.

மாமியார் பெயர் லூர்தம்மாள். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அவர் சின்ன வயதிலேயே இறந்துபோக, ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஒற்றை மகனைப் படிக்க வைத்தவர் அத்தை. ஓய்வு பெற்றபின் பாலக்கரை வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் போய்ப் பார்ப்போம். சாப்பாடு போடுவார். "சாப்பிடு" என்பார், "கெளம்பறீங்களா" என்பார். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான். ரயில்வே பாஸ் இருந்தும் வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போகாதவர், இந்தப் பயணத்துக்கு உடனே சரி என்று சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கம்பளித் துணிக்காகப் பெரிய கடைவீதி முழுக்க அலைந்தோம். மே மாதத்தில் ஸ்வெட்டர் கேட்டவர்களை ஜவுளிக்கடைக்காரர்கள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒரே ஒரு கடையில், பரணிலிருந்து இரண்டு மங்கி குல்லாய் எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். அத்தை வாழ்நாளில் முதல் தடவையாக கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டார். காலைப் பூசை முடிந்ததும் கோயிலைச் சுற்றி ஷூவோடு நடந்து பழகினார். வைதேகி புளிக்காய்ச்சல் கிண்டிக் கொடுத்தாள். எலுமிச்சை ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் அத்தை தயாரித்தவை.

பெர்கனில் இறங்கியபோது மழை. மறுநாளும் மழை. அந்த ஊரில் மழை பெய்யாத நாளைத்தான் பேப்பரில் போடுவார்களாம். ஃபிளாட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஈரமான கூரைகள், ஈரமான மரங்கள், குடையை நனைய விட்டுக்கொண்டு பேசாமல் நடக்கும் மனிதர்கள். என் கணவர் மட்டும் அப்படி ஒரு உற்சாகத்தில் இருந்தார். நடை மாறியிருந்தது. ஊரில் வாய் திறக்காதவர், இங்கே கடைக்காரரிடம் அவர் மொழியில் இரண்டு வார்த்தை பேசிச் சிரித்தார்.

காரணம் இரண்டாம் நாள் தெரிந்தது. அத்தை குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துச் சொன்னார். அங்கே அவருக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மாவையும் கூட்டிக்கிட்டு இங்கயே இருந்துடலாம். பாலக்கரை வீட்டை வித்துடலாம். உனக்குச் சம்மதம்தானே?" என்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டே கேட்டார்.

"ம்," என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல வரவில்லை.

"அம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு. நான் கேட்டா எனக்காகத் தலையாட்டிடுவாங்க. நீ கேட்டாத்தான் மனசுல இருக்கிறது வரும்."

அதற்கு மறுநாள் தொழிற்சாலையில் ஏதோ பழுதாகி அவருக்கு லீவு ரத்தானது. டிக்கெட்டை வீணாக்க வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் போய்வாருங்கள் என்றார். அப்படித்தான், ஊரில் ஒரு வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் இருந்திராத மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் அடைந்து வட துருவம் பக்கம் புறப்பட்டோம்.

அது உல்லாசக் கப்பல் இல்லை, தபால் கப்பல். கடலோரத்துச் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் தபாலும் சாமானும் ஆட்களும் ஏற்றி இறக்கிக்கொண்டே வடக்கே போகும். நம் ஊர் பாசஞ்சர் ரயிலைக் கடலில் விட்டதுபோல. எங்கள் அறையில் மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை, ஒரு வட்ட ஜன்னல். அத்தையை எப்படிக் கீழே படுக்கச் சொல்வது, அவர் கோபித்துக்கொள்வாரோ என்று நான் யோசிப்பதற்குள், ஏணியில் இரண்டு எட்டு வைத்து மேலே ஏறிவிட்டார்.

"வேளாங்கண்ணிக்குப் போற ரயில்லயும் எனக்கு மேல் பெர்த்துதான். கீழ படுத்தா எல்லாரும் காலை மிதிப்பாங்க," என்றார்.

கீழ்த்தளத்தில் என்ஜின் ஓடும் அதிர்வு தலையணை வரைக்கும் வரும். துவைத்த புடவையை மேல் படுக்கைக் கம்பிக்கும் குளியலறைக் கதவுக்கும் கொடி கட்டி உலர்த்தினோம். கதவைத் திறந்த பணிப்பெண் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். மறுநாள் அவளே இன்னொரு கயிறு கொண்டுவந்து கொடுத்தாள்.

காலைச் சாப்பாடு ஒரு நீள மேஜையில் பரப்பியிருக்கும். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். வினிகரில் ஊறிய பச்சை மீன், சர்க்கரை போட்ட மீன், புகை போட்ட மீன், பத்து வகை ரொட்டி. பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. அத்தை அதைப் பால்கோவா என்று நினைத்துப் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டார். அது ஆட்டுப்பாலில் செய்த சீஸ். இனிப்பும் உப்புமாக விநோதமாக இருந்தது. எடுத்துவிட்டோமே என்று கடைசித் துணுக்குவரை தின்றார். மதியமும் மாலையும் அவித்த உருளைக்கிழங்கு. எங்கள் மேஜையில் உட்கார்ந்த வயதான விவசாயி ஒருவர் ஊறுகாய் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்ததால், அத்தை ஒரு துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வரப்போகிறது என்று நாங்கள் காத்திருந்தோம். மனிதர் மென்று விழுங்கி, தலையாட்டி, உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "காரம் பத்தலை போல," என்று அத்தை அன்று முழுக்கக் குறைபட்டுக்கொண்டார்.

மேல்தளத்தில் நின்றால் இரண்டு பக்கமும் மலை. மலைக்கோட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துத் தடவை அடுக்கிவைத்தது போன்ற பாறைகள், உச்சியில் பனி, இடுப்பிலிருந்து நூல்நூலாக விழும் அருவிகள். காற்று மூக்கை அறுக்கும். அத்திம்பேர் சொன்னபடி காதை மூடிக்கொண்டோம். பாதிக் குளிர் போனது என்னவோ உண்மைதான். மீதிப் பாதியே எங்களுக்கு அதிகமாக இருந்தது. புடவைமேல் ஆண்பிள்ளை ஓவர்கோட்டும் மங்கி குல்லாயும் கான்வாஸ் ஷூவுமாக அத்தை நடந்துபோனால், தளத்தில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். கப்பலுக்கே அவர்தான் சொந்தக்காரர் என்பது போன்ற நடை.

டிராண்ட்ஹெய்ம் என்ற ஊரில் கப்பல் சில மணி நேரம் நின்றது. அங்கே மிகப் பெரிய பழைய தேவாலயம். அத்தை முழந்தாளிட்டு ஜெபித்துவிட்டு எழுந்து சுற்றும் முற்றும் தேடினார். "தீர்த்தத் தொட்டியும் இல்லை. மாதாவையும் காணோம். இவங்க யாருகிட்ட போய்க் கேப்பாங்க?" என்றார். அவர்கள் வேறு சபைக்காரர்கள் என்று விளக்கினேன். "வேற சபைன்னா அம்மா வேணாமா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், மலை அழகாக இருக்கிறது என்பேன். நிஜத்தில் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அத்தை மாட்டேன் என்றுதான் சொல்வார். மாதாவும் இல்லாத, மழை விடாத ஊருக்கு எப்படி வருவார்? அவர் மாட்டேன் என்றால் இவரும் அம்மாவை விட்டுவிட்டு இருக்கமாட்டார். நாங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவோம். நான் வாயே திறக்க வேண்டாம். பள்ளிக்கூடம், என் வகுப்புப் பிள்ளைகள், மேலப்புதூரில் என் அம்மா வீடு, சாயந்திரம் டவுன்ஷிப் பஸ்ஸிலிருந்து இறங்கி வைதேகியோடு பேசிக்கொண்டே நடக்கும் அந்தச் சின்னத் தூரம் எல்லாம் எனக்கு அப்படியே கிடைத்துவிடும்.

துருவ வட்டத்தைத் தாண்டிய காலையில் கப்பலில் ஒரு சடங்கு நடத்தினார்கள். கடல் ராஜா வேஷம் போட்ட ஒருவர், வரிசையில் வருகிறவர்களின் கழுத்துக்குள் ஒரு கரண்டி ஐஸ் போடுவார். நான் ஓடிவிட்டேன். அத்தை சாம்பல் புதனுக்கு நிற்பதுபோலக் கைகூப்பி வரிசையில் நின்றார். ஐஸ் உள்ளே இறங்கியதும், "சேசு, மரி, சூசை!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடல் ராஜாவே ஒரு அடி பின்வாங்கினார்.

அன்று மதியத்துக்குமேல் கப்பல் கரையை விட்டு விலகித் திறந்த கடலுக்குள் போனது. எதிரே லொஃபோட்டன் தீவுகள் இருந்தன. ஆனால் எனக்கு எதையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கப்பல் தூக்கித் தூக்கிப் போட, குடலே வாய்க்கு வந்தது. அறையில் படுத்துவிட்டேன். அத்தைக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒரு வாளியைத் தலைமாட்டில் வைத்து, நெற்றியில் தைலம் தேய்த்து, வாயைத் துடைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பழகின கை. "கண்ணை மூடிக்க. மூச்சை மெதுவா விடு," என்றது கேட்டது. பிறகு தூங்கிவிட்டேன்.

விழித்தபோது ஆட்டம் நின்றிருந்தது. கப்பல் ஏதோ ஒரு சின்னத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு ஊதிக்கொண்டிருந்தது. மேல் படுக்கை காலி. கோட்டைக் காணோம். முகம் கழுவிக்கொண்டு மேலே போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. முன்தளத்தில், பின்தளத்தில் இல்லை. புகைபிடிக்கும் அறையைக்கூட எட்டிப் பார்த்தேன். திரும்பவும் எங்கள் அறைக்கு ஓடினேன். ஜன்னல் வழியாக அந்தத் துறைமுகம் தூரத்தில் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. அத்தை அங்கே இறங்கியிருந்தால்?

கப்பல் அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள். இங்கிலீஷ் நன்றாகப் பேசினாள். "என் மாமியாரைக் காணோம்," என்றேன்.

"எப்படி இருப்பார்?"

"புடவை. பெரிய ஆண்பிள்ளைக் கோட். முகத்தை மூடின கம்பளிக் குல்லாய். இங்கிலீஷும் தெரியாது, உங்கள் மொழியும் தெரியாது."

"அப்படியென்றால் கண்டுபிடிப்பது சுலபம்," என்று சொல்லி, அவள் மாலுமிகள் பக்கம் போய்த் துறைமுகத்தோடு பேசச் சொன்னாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே மகனின் அம்மா. நம்பி அனுப்பினார். தண்ணீரில் விழுந்திருந்தால்? என் வாந்தி வாளியைக் கொட்டப் போய் வழுக்கியிருந்தால்? அந்த நேரத்தில் மாதாவிடம் நான் வேண்டிக்கொண்டதை எழுத முடியாது.

அந்தப் பெண் திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "கரையில் இருக்கிறார். மீன் காயப்போடும் இடத்தில். காபி கொடுத்தார்களாம், வேண்டாம் என்றுவிட்டு மீனைக் காட்டிக் காட்டி என்னமோ கேட்கிறாராம். ஒரு அம்மாள் தன்னுடைய வேனில் அடுத்த துறைமுகத்துக்கு அழைத்து வருகிறாள். நம் கப்பல் அங்கே நிற்கும்."

அடுத்த துறைமுகத்தில் கப்பல் நின்றது. வேனைக் காணவில்லை. இறங்கிக் கரையில் நின்றேன். தபால் மூட்டை இறங்கியது, பெட்டிகள் ஏறின. சாயங்கால நேரம், ஆனாலும் வெயில் மலை உச்சியில் மஞ்சளாக அப்படியே நின்றது. முதல் சங்கு ஊதியது. அலுவலகப் பெண் இறங்கி வந்து, "கேப்டன் கொஞ்சம்தான் காத்திருக்க முடியும் என்கிறார்," என்றாள்.

"நீங்க போங்க. நான் இங்கேயே இறங்கிக்கறேன்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு இங்கிலீஷில் சொன்னேன். கையில் ஒரு பை மட்டும் இருந்தது. முகம் தெரியாத ஊரில் கப்பலை விட்டுவிட்டு நிற்கத் தயாராக இருந்தேன். அந்த மாதிரி ஒரு முடிவை யாரையும் கேட்காமல் நான் எடுத்தது அதுதான் முதல் தடவை.

மாலுமிகள் ஏறும் பலகையை இழுக்கப்போன நேரத்தில் ஒரு நீல வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பியது. அதிலிருந்து அத்தை இறங்கினார். கையில் ஒரு சாக்குக் கட்டு. கூடவே, ரப்பர் பூட்ஸ் போட்ட, சிவந்த கன்னமுள்ள ஒரு பெண்மணி. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு தங்கப் பல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அவ பேரும் மரிதானாம்," என்றார் கப்பலில் ஏறியதும். அந்த அம்மாளின் பெயர் மாரித் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். கப்பல் அந்தத் துறைமுகத்தில் நின்றதும் காற்றில் கருவாட்டு வாசம் வந்திருக்கிறது. பொய் இல்லை, திரும்பும் வழியில் நானும் முகர்ந்தேன். காந்தி மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வரிசைக்குள் நுழைந்த மாதிரியே இருக்கும். அத்தை அந்த வாசத்தின் பின்னால் இறங்கிப் போய்விட்டார். குன்றுபோல் உயரமான மரச் சட்டங்களில், தலை வெட்டிய மீன்களை வாலோடு வால் கட்டி ஆயிரக்கணக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்கள் அவற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை நின்று பார்த்திருக்கிறார். பிறகு ஒரு கை பிடித்திருக்கிறார்.

"கப்பல் ஊதினது கேக்கலையா அத்தை?"

"கேட்டுச்சு. பொன்மலை ஒர்க்ஷாப் சங்கு மாதிரியே இருந்துச்சு. இவங்களுக்கு ஷிப்டு முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

இருவரும் தளத்தில் உட்கார்ந்தோம். சூரியன் கடலுக்குமேல் தொங்கிக்கொண்டு, இறங்க மனமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. சாக்குக் கட்டிலிருந்த கருவாட்டின் வாசத்தில் பக்கத்து நாற்காலிகள் காலியாகின. அத்தை சாக்கின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "கப்பல் ஏறின நாள்லேர்ந்து என்னமோ சொல்ல வரே, மலை அழகா இருக்குங்கறே. என்ன விஷயம்?" என்று கேட்டார்.

சொன்னேன். நிரந்தர வேலை, ஃபிளாட், பாலக்கரை வீட்டை விற்பது எல்லாவற்றையும். சொல்லிவிட்டு, மாட்டேன் என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"வரேன்," என்றார் அத்தை. "வீட்டை விக்க வேணாம். வாடகைக்கு விடலாம்."

"குளிர் அத்தை. மழை. தமிழ்ப் பூசைகூட இருக்காது..."

"ஆஸ்பத்திரி வேலையை விட்டதுலேர்ந்து பாலக்கரையில நான் யாருகூடப் பேசறேன்னு நெனச்சே? காலைப் பூசை முடிஞ்சா, அடுத்தது மறுநாள் காலைப் பூசைதான். நடுவுல நாலு செவுரு." என் முகத்தைப் பார்த்தார். "ஏன் உனக்கு இப்படிப் போச்சு முகம்?"

பொய் சொல்ல முடியவில்லை. "எனக்கு இங்க இருக்க இஷ்டமில்லை அத்தை. நீங்க மாட்டேன்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

அத்தை சாக்கை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு என் மகன், இந்தக் கெழவியாலதான் எல்லாம் போச்சுன்னு நெனப்பான். அதுக்கு நான் வேணும் உனக்கு. கூட வெச்சுக்க மட்டும் வேணாம்." எழுந்து கீழே போய்விட்டார். கருவாட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு போகக்கூட மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் மறக்கவில்லை. மேல் படுக்கையில் ஜெபமாலை நகரும் சத்தம் மட்டும் கேட்கும். சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்தி வைப்பார். ஊர்கள் வந்தன, போயின. வெளியே உலகத்திலேயே இல்லாத அழகு, நான் எதையும் பார்க்கவில்லை. அவர் வார்த்தை தப்பென்றால் கோபப்பட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாலக்கரை வீட்டு வாசலில் "கெளம்பறீங்களா" என்று கேட்டுவிட்டு, நாங்கள் தெரு திரும்பும்வரை நிற்பாரே, அது அடிக்கடி கண்ணில் வந்தது.

வடக்கு முனையில் ஒரு செங்குத்துப் பாறைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். அதற்கப்பால் நிலம் இல்லை, கடல்தான். காற்று ஆளைத் தள்ளியது. அத்தையின் கோட் பாய்மரம் மாதிரி உப்பியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை.

"அத்தை, ஊருக்குத் திரும்பினா எங்ககூட வந்து இருக்கீங்களா? கைலாசபுரத்துல?" காற்றில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"யாரு கேக்கறது? அமலுவா?"

"நான் கேக்கறேன்."

"இத்தனை வருசமா ஏன் கேக்கலை?"

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீ நெறைய நெனக்கிறே ஸ்டெல்லா," என்றார். "வரேன். ஆனா என் மகன்கிட்ட உன் பேச்சை நீதான் பேசணும். நான் நடுவுல வரமாட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் வேறு பயணம். போகும்போது பார்க்காத மலைகளைப் பார்த்தோம். அத்தை ஆஸ்பத்திரிக் கதைகள் சொன்னார், மாமனார் எப்படிச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்று சொன்னார். அவரைப் பார்த்தால் சைக்கிள் ஓட்டியவர் என்று யார் நினைப்பார்கள்? அந்தச் சின்னத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது மாரித் வந்து காத்திருந்தாள். அத்தை மீதியிருந்த ஊறுகாய் பாட்டிலை அவளிடம் கொடுத்து, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று விரல் நுனியில் காட்டினார். இரண்டு பேரும் அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் பேசினார்கள். இந்தத் தடவை அத்தையின் கோட்டை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெர்கனில் மழை. இவர் குடையோடு துறைமுகத்தில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையாட்டினார். அத்தை பெட்டியைச் சரிபார்க்கும் நேரத்தில் என்னை ஓரமாக இழுத்து, "அம்மாகிட்டச் சொன்னியா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"வரேன்னு சொன்னாங்க."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

"நான்தான் வரலைங்க," என்றேன். "எனக்கு நம்ம ஊர்லதான் இருக்கணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லலை."

குடை சரிந்து அவர் தோள் நனைந்தது. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அத்தை வேறு பக்கம் திரும்பி, துறைமுகத்து மீன் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்தான் வந்து, ஒரு பெட்டியை மகன் கையில் கொடுத்தார். "எதுக்கு மழையில நிக்கிறீங்க? வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. நான் சோறு வடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அன்று கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். அவர் கோபப்பட்டார், நான் அழுதேன், பிறகு அவர் கேட்டார், நான் சொன்னேன். கல்யாணமாகி அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதே இல்லை. அடுக்களையிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. பயிற்சி முடிந்து, அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் ஊர் திரும்பிய அன்று, கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் வாசலில் அவரை வரவேற்க நானும் அத்தையுமாக இரண்டு பேர் நின்றிருந்தோம்.